காட்டுயிர் ஒளிப்பட நெறிமுறைகள்

காட்டுயிர் ஒளிப்பட நெறிமுறைகள் என்பவை, காட்டில் வாழும் விலங்குகள், பறவைகள், ஊர்வன, நீர்நில வாழ்வன, பூச்சிகள் ஆகியவற்றை அவற்றின் இயல்பான வாழ்க்கைக்கு ஊறு நேராமல் படம் எடுப்பதற்காகக் கடைப்பிடிக்கப்படும் வரையறைகள் ஆகும். இவற்றுள் சில சட்டமாக உள்ளன. சில போட்டிகளின் விதிகளாக உள்ளன. பெரும்பாலானவை படம் எடுப்பவர் தாமே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடுகளாகவே உள்ளன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: படத்தைக் காட்டிலும் படத்தில் உள்ள உயிரின் நலன் முதன்மையானது. படத்தால் விளையும் இழப்பு பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை என்பதே இத்துறையின் தனிச் சிக்கலாகும். கைவிடப்பட்ட கூடோ, இரை கிடைக்காத குஞ்சோ, வெருண்ட யானையால் மிதிபட்ட வயலோ, படம் எடுத்தவர் ஊர் திரும்பிய பின்னர் நேர்கின்றன.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் ஆனைமலை, சத்தியமங்கலம் ஆகிய இரு புலிகள் காப்பகங்களும், நொய்யல் ஆற்றுக் குளங்களும், பறவைகள் சரணாலயங்களும் அமைந்துள்ளன. காடும் நகரமும் இவ்வளவு நெருங்கியுள்ள பகுதிகள் தமிழ்நாட்டில் குறைவு. கோவை நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் யானைகள் நடமாடும் காட்டின் விளிம்பை அடைந்துவிடலாம். எனவே இந்நெறிமுறைகள் தொடர்பான கேள்விகள் இப்பகுதியில் அடிக்கடி எழுகின்றன.

பெயர்

தமிழில் 'வனவிலங்கு' என்ற சொல் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. எனினும் பறவை, பூச்சி, தவளை முதலியவற்றையும் குறிப்பதற்குக் 'காட்டுயிர்' என்ற சொல்லே பொருத்தமானது எனச் சூழலியல் எழுத்தாளர்கள் கருதுகின்றனர். தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் தம் கட்டுரைகளில் இச்சொல்லைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்துள்ளார். பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து ச. முகமது அலி இப்பெயரிலேயே ஓர் இதழை நடத்தினார். இக்கட்டுரையிலும் இச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

காட்டுயிர் ஒளிப்படக்கலையின் தொடக்கமே ஒரு பறவைக் கூட்டின் படம் எனலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த கியர்ட்டன் உடன்பிறப்புகளுள் இளையவரான செர்ரி கியர்ட்டன், 1892 ஆம் ஆண்டு முட்டைகளுடன் கூடிய ஒரு பாடும் பறவையின் கூட்டைப் படம் எடுத்தார். இருவரும் சேர்ந்து 1895 இல் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல், முழுவதும் இயற்கை ஒளிப்படங்களைக் கொண்ட தொடக்க கால நூல்களுள் ஒன்றாகும். பறவைகள் மருளாமல் இருப்பதற்காக இவர்கள் உள்ளீடற்ற போலிக் காளை ஒன்றினுள் ஒளிந்திருந்து படம் எடுத்தனர். அமெரிக்காவில் ஜார்ஜ் சைராசு, இரவில் வெடித்தூள் வெளிச்சத்தில் எடுத்த விலங்குப் படங்கள் 1906 இல் 'நேசனல் சியாகிரபிக்' இதழில் வெளிவந்தன. இந்தியாவில் வனத்துறை அலுவலராக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டதும் இயங்கும் கம்பிப் பொறியுடன் கூடிய கருவியைக் கொண்டு 1920களில் புலிகளைப் படம் எடுத்தார். அவரது நூல் 1927 இல் வெளிவந்தது. துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக்கருவியை எடுக்குமாறு தம் கால வேட்டைக்காரர்களை வலியுறுத்தியவர் அவர்.

தமிழரான மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். தொடக்க காலத் தமிழ்ப் புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், கறுப்பு-வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு ஒளிப்படக்கருவியை அமைத்துக்கொண்டார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். 1970 இல் பத்மசிறீ விருது பெற்றார். இவரது தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டுள்ளன. கிருஷ்ணனைப் பொறுத்தவரை படம் என்பது விலங்கின் நடத்தையைப் பற்றிய களக்குறிப்பின் ஒரு பகுதி. தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவரது ஆய்வில் படமும் எழுத்தும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன.

2000களில் எண்ணிமக் கருவிகளின் விலை குறைந்ததும் நிலைமை மாறியது. படச்சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலத்தில் செலவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. அக்கட்டுப்பாடு மறைந்தது. பின்னர் கைப்பேசியில் ஒளிப்படக்கருவி வந்ததும், படம் எடுப்பவர் என்ற தனிப் பிரிவினரே இல்லாமற் போயினர். காட்டுச் சாலையில் செல்லும் ஒவ்வொருவரும் படம் எடுப்பவர் ஆயினர்.

தொந்தரவு நிகழும் விதம்

மனிதர் அணுகும்போது ஒரு விலங்கு உடனே ஓடிவிடுவதில்லை. முதலில் மேய்வதை அல்லது இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்க்கும். இந்தத் தொலைவு எச்சரிக்கைத் தொலைவு எனப்படும். மேலும் நெருங்கினால் ஒரு கட்டத்தில் விலகி ஓடும் அல்லது பறக்கும். இது விலகல் தொலைவு. பெரும்பாலானோர் விலங்கு ஓடினால்தான் தொந்தரவு நேர்ந்தது என எண்ணுகின்றனர். உண்மையில் அது தலையை உயர்த்தியபோதே தொந்தரவு தொடங்கிவிட்டது. உணவு உண்ணாமல் காவல் காக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு இழப்பே. கருவியை நேராக நோக்கும் மானின் படம் மிகவும் விரும்பப்படுவது. அந்தப் பார்வையின் பொருள் அச்சம் என்பது பார்ப்பவர் பலருக்குத் தோன்றுவதில்லை.

கூட்டில் இருக்கும் பறவைகளே மிகுந்த இடருக்கு உள்ளாகின்றன. கூட்டைத் தெளிவாகக் காட்டுவதற்காகச் சுற்றியுள்ள இலைகளையும் கிளைகளையும் வெட்டி விலக்குவது ஒரு பழைய வழக்கம். அந்த இலைகள் வெயிலையும் மழையையும் தடுப்பவை. காகம், வல்லூறு போன்றவற்றின் கண்ணிலிருந்து கூட்டை மறைப்பவை. கொங்குச் சமவெளியின் நண்பகல் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு சிறிது நேரமே தாக்குப்பிடிக்கும். தாய்ப்பறவை மனிதரைக் கண்டு அகன்று நிற்கும்போது நிழலும் இல்லை, காவலும் இல்லை. ஆள்காட்டிக் குருவி போன்று தரையில் முட்டையிடும் பறவைகள் உரக்கக் கத்தியபடி தலைக்கு மேல் சுற்றினால், முட்டையோ குஞ்சோ அருகில் உள்ளது என்பதே அதன் பொருள். அப்போது நெருங்கிச் சென்று தேடாமல், வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பது மற்றொரு முறை. தன் எல்லைக்குள் வேற்று ஆண் புகுந்துவிட்டது எனக் கருதி அப்பறவை விரட்ட வருகிறது. இல்லாத எதிரியுடன் போரிடுவதில் அதன் ஆற்றல் வீணாகிறது. இணையும் கூடும் அந்நேரத்தில் கவனிப்பாரற்று நிற்கின்றன. குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவியும், ஆனைமலையின் உயர்ந்த சோலைகளில் வாழும் சோலைக்கிளி எனப்படும் நீலநிறச் சிறு பறவையும் இம்முறையில் அடிக்கடி அழைக்கப்படுபவை. ஒருவர் ஒருமுறை செய்வது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரே பறவையை ஒரே இடத்தில் வார இறுதிதோறும் பலர் அழைக்கும்போது அதன் பருவம் முழுவதும் பாழாகக்கூடும்.

இரவு விலங்குகளுக்கு வெளிச்சமே தொந்தரவு. தேவாங்கின் பெரிய கண்கள் மிகக் குறைந்த ஒளியில் பார்ப்பதற்கென அமைந்தவை. விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி எதிரொளிக்கும் படலத்தால் அவை இருளில் பளிச்சிடுகின்றன. தேவாங்கைத் தேடுவோர் டார்ச் விளக்கடிப்பதும், பின்னர் பிளாஷ் விளக்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதும் இதனாலேயே எளிதாகின்றன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இவ்விலங்குக்கென ஏற்படுத்தப்பட்ட முதல் சரணாலயம் இதுவே. மங்கலான சிவப்பு ஒளியைக் குறைந்த நேரம் மட்டும் பயன்படுத்துவது ஆய்வாளர்களின் வழக்கமாகும்.

சிற்றுயிர்களைப் படம் எடுப்பதில் நேரும் கேடு குறைவாகவே பேசப்படுகிறது. தவளை, பல்லி, பாம்பு ஆகியவற்றைப் பிடித்து வேறிடத்தில் வைத்துப் படம் எடுப்பது, அசையாமல் இருக்கக் குளிரூட்டுவது, மழை பெய்ததுபோல் தோன்ற நீர் தெளிப்பது எனப் பல முறைகள் உள்ளன. தவளையின் தோல் மூச்சுவிடும் உறுப்பாகவும் உள்ளதால், கையில் உள்ள உப்பும் பூச்சிவிரட்டிக் களிம்பும் அதற்கு நஞ்சாகக்கூடும். ஆனைமலையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1878 இல் பெட்டோம் விவரித்த, கரிய உடலில் விண்மீன்கள் போன்ற புள்ளிகளைக் கொண்ட சிறு தவளை ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்கிறது. அழுகும் மரக்கட்டைகளின் அடியிலேயே இது தங்கும். கேரள மலைக்காடு ஒன்றில் 2020 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஏழு தவளைகள், அவர்கள் பின்னர் சென்றபோது அங்கு இல்லை; கட்டைகள் புரட்டப்பட்டுக் கிடந்தன, செடிகள் மிதிபட்டிருந்தன. இடைப்பட்ட காலத்தில் படம் எடுக்கும் குழுக்கள் வந்து கட்டைகளைப் புரட்டியதாக அப்பகுதி வழிகாட்டி மூலம் அவர்கள் அறிந்தனர். இது குறித்த ஆய்வுக்குறிப்பு 2025 இல் வெளிவந்தது. ஒரு கட்டையைப் புரட்டி மீண்டும் அப்படியே வைத்தாலும், அதன் அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஈரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை.

கொங்குப் பகுதியில்

ஆனைமலை புலிகள் காப்பகம் கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. 1976 இல் சரணாலயமாகவும், 2007 இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. டாப்சிலிப்பில் சுற்றுலாப் பயணிகள் வனத்துறை வாகனங்களிலேயே காட்டுக்குள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். எனவே நெறிமுறை மீறல்கள் காப்பகத்தின் உள்ளே நிகழ்வதைவிட, அதனூடாகச் செல்லும் பொதுச் சாலைகளிலும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலுமே மிகுதியாக நிகழ்கின்றன எனலாம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாம் வளைவை ஒட்டிய பாறைச் சரிவுகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகளைக் காணலாம். மனிதரைக் கண்டு பழகிய இவை சாலையோரம் வரை வருகின்றன. பழகிய விலங்கு அஞ்சாதது போலத் தோன்றினாலும், தின்பண்டம் கொடுத்து அருகில் இழுப்பது அதை வாகனச் சக்கரங்களை நோக்கி இழுப்பதாகவே முடிகிறது. மலையின் மறுபுறம் கேரளத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பொதுவாகப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. சாலையோர மந்தைக்கு அத்தகைய விடுமுறை எதுவும் இல்லை.

வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இக்குரங்கு, அடர்ந்த மழைக்காட்டின் மர உச்சியில் வாழும் இயல்புடையது. காடு துண்டாக்கப்பட்டதால் இங்குள்ள கூட்டம் தரைக்கும் சாலைக்கும் இறங்கிவிட்டது. உலகின் பிற இடங்களில் நாள் முழுவதும் காத்திருந்தாலும் கிடைக்காத படம் இங்கு சில நிமிடங்களில் கிடைக்கிறது. ரொட்டித் துண்டையோ பழத்தையோ நீட்டினால் முகத்துக்கு நேராகவும் படம் எடுக்கலாம். சாலை விபத்துகளில் இக்குரங்குகள் இறந்துள்ளன. வால்பாறையில் செயல்படும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, சாலைக்கு மேலே மரங்களை இணைக்கும் கயிற்றுப் பாலங்களை அமைத்தும், காவலர்களை நிறுத்தியும், உணவு கொடுக்க வேண்டாம் எனப் பயணிகளுக்கு எடுத்துச் சொல்லியும் வருகிறது.

இப்பகுதியின் ஒளிப்பட நெறிமுறைகளை விளக்குவதற்கு இருவாச்சியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பெரிய இருவாச்சியின் பெண், பழமையான மரத்தின் பொந்தினுள் நுழைந்து, வாயிலை ஒரு சிறு பிளவு தவிர முழுவதும் அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும்போது அதன் சிறகு இறகுகள் உதிர்கின்றன. அக்காலத்தில் அதனால் பறக்க இயலாது. பல வாரங்களுக்குப் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் ஆண் ஒன்றே அத்திப்பழங்களையும் பிற இரைகளையும் பிளவின் வழியாக ஊட்டுகிறது. கூடு அமையும் காலம் முழுவதும் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். பெரும்பாலும் ஒரு குஞ்சே வளர்கிறது. ஆனைமலையில் இப்பறவையின் இனப்பெருக்கம் பற்றி இரா. கண்ணன், டக்ளஸ் ஜேம்சு ஆகியோர் செய்த ஆய்வு 1997 இல் வெளிவந்தது.

ஆண் இருவாச்சி மிகுந்த எச்சரிக்கையுடையது. மரத்தடியில் ஆட்கள் நின்றால் தொலைவில் உள்ள மரத்தில் அமர்ந்து காத்திருக்கும். பழத்துடன் திரும்பிச் செல்வதும் உண்டு. பொந்தினுள் இருப்பவற்றுக்கு அது ஒருவேளை உணவு இழப்பு. கூட்டுக்காலம் ஏறத்தாழ சனவரி முதல் மே வரை நீள்கிறது. பள்ளி விடுமுறையையொட்டி வால்பாறைக்குக் கூட்டம் வருவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். குஞ்சின் பசி உச்சத்தில் இருக்கும் காலமும் சுற்றுலாவின் உச்சமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அண்டைப் பகுதியான வாழச்சாலில் காடர் பழங்குடியினரைக் கொண்டு இருவாச்சிக் கூடுகள் காக்கப்படுகின்றன. தலைமுறைகளாகக் கூட்டு மரங்களை அறிந்தவர்கள் அவர்கள். ஒரே மரப்பொந்து ஆண்டுதோறும் பயன்படக்கூடும் என்பதால், கூடு இருக்கும் இடத்தை ஒருமுறை வெளியிடுவது பல ஆண்டுகளுக்கு வெளியிடுவதாகும்.

சமவெளியில் நிலைமை சற்று வேறானது. சிங்காநல்லூர், சூலூர் முதலிய நொய்யல் குளங்களிலும், திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்திலும் வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. நஞ்சராயன் குளம் 2024 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறக்கும் கூட்டத்தின் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைகளை எழுப்புவது இத்தகைய குளங்களில் காணப்படும் வழக்கம். ஈரோட்டை அடுத்த வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 1996 இல் ஏற்படுத்தப்பட்டது. 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள், பறவைகள் வெருளும் என்பதால், தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைப் பல ஆண்டுகளாகத் தவிர்த்து வருகின்றனர். ஊர்க் குழந்தைகள் விட்டுக்கொடுத்த ஓசையை வெளியூரிலிருந்து வரும் படக்காரர் ஒரு நொடியில் எழுப்பிவிடுகிறார் என்ற மனக்குறை அங்கு எழுவதில் வியப்பில்லை.

கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990 இல் சாலிம் அலி பறவையியல் மையம் தொடங்கப்பட்டது. பின்னர் இது இந்தியக் காட்டுயிர் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

யானையும் கைப்பேசியும்

'சின்னத்தம்பி' என்று மக்களால் அழைக்கப்பட்ட காட்டு யானை, கோவை தடாகம் பகுதியில் 2019 சனவரி 25 அன்று பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டின் வரகளியாறு பகுதியில் விடப்பட்டது. சில நாட்களிலேயே அது காட்டைவிட்டு வெளியேறி, உடுமலைப்பேட்டை வட்டாரத்துக் கரும்பு வயல்களையும் அமராவதி சர்க்கரை ஆலைப் பகுதியையும் அடைந்தது. அது அங்கு தங்கியிருந்த நாட்களில் வேடிக்கை பார்க்கவும் கைப்பேசியில் படம் எடுக்கவும் மக்கள் திரண்டனர். பெப்ரவரி 15 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. யானையை அமைதியாகக் காட்டுக்குத் திருப்புவதற்கு முதல் தேவை ஆளற்ற வழி. கூட்டம் கூடினால் அந்த வழி அடைபடுகிறது. 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் 'அரிக்கொம்பன்' என்ற யானை நுழைந்தபோது, அதைப் படம் எடுக்கப் பறக்கவிடப்பட்ட ஆளில்லா வானூர்தியின் ஓசையால் அது மிரண்டது. வானூர்தியை இயக்கியவர் கைது செய்யப்பட்டார். யானைகள் தேனீக்களுக்கு அஞ்சி விலகுபவை என்பது ஆய்வுகளில் அறியப்பட்டது. சுழலிகளின் இரைச்சல் அவற்றுக்கு எப்படித் தோன்றும் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

கைப்பேசியால் நேரும் விபத்துகளுக்கு ஒளியியல் காரணமும் ஒன்று உண்டு. பொதுவான கைப்பேசியின் முதன்மை வில்லை, 36 மி.மீ. அகல உணரியில் 26 மி.மீ. குவியத் தூரத்துக்கு ஈடானது. அதைக் கொண்டு 20 மீட்டர் தொலைவில் உள்ளதைப் படம் எடுத்தால், படத்தின் அகலம் ஏறத்தாழ 28 மீட்டர் பரப்பைக் காட்டும். ஆறு மீட்டர் நீளமுள்ள யானை அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே நிரப்பும். படத்தின் மூன்றில் இரண்டு பங்கை யானை நிரப்ப வேண்டுமானால், ஏறத்தாழ ஆறரை மீட்டர் வரை நெருங்க வேண்டும். ஆசிய யானைகள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்வது 2003 இல் வெளிவந்த ஆய்வில் அளவிடப்பட்டது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர். எஞ்சுவது ஒரு நொடி. மாறாக, 400 மி.மீ. வில்லை அதே 20 மீட்டரில் 1.8 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும். யானையின் கண்ணையும் நெற்றியையும் வாகனத்திலிருந்தே படம் எடுக்கலாம். கைப்பேசி தன் அமைப்பினாலேயே 'இன்னும் கொஞ்சம் அருகில்' என்று சொல்லும் கருவி. 2025 ஆகத்தில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூர்ச் சாலையில் யானையை நெருங்கிப் படம் எடுக்க முயன்ற ஒருவர் அதனால் தாக்கப்பட்டு உயிர் பிழைத்தார். பின்னர் கர்நாடக வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் தண்டம் விதித்தது.

சட்டம்

இந்தியக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இல் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ள வரையறை பலரும் எண்ணுவதைவிட விரிவானது. கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அவ்வரையறையில் அடங்கும். எனவே அட்டவணையில் உள்ள பறவையின் கூட்டைக் கலைத்துப் படம் எடுப்பவர், சட்டத்தின் பார்வையில் வேட்டையாடியவரே ஆவார். பெரிய இருவாச்சி, சிங்கவால் குரங்கு, வரையாடு, தேவாங்கு, யானை ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன.

சரணாலயத்தினுள் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 27 ஆம் பிரிவு தடை செய்கிறது. நுழைவு அனுமதி வழங்கப்படும் நோக்கங்களுள் ஒளிப்படமும் ஒன்று என 28 ஆம் பிரிவு கூறுகிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் அதற்கோ காட்டுயிருக்கோ தீங்கு நேராமலும் எடுக்கப்படும் ஒளிப்படம், திரைப்படம் என்று இதனை வரையறுத்தது. ஐம்பது ஆண்டுகளாக ஒற்றைச் சொல்லாக இருந்த 'ஒளிப்படம்' நிபந்தனையுடன் கூடியதாக மாறியது இத்திருத்தத்தால்தான். காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படியும் குற்றமாகும்.

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 சூலையில் இடைக்காலத் தடை விதித்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பின்னர் அக்டோபரில் தடை நீங்கியது. விலங்குகளிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும். அவற்றைச் சூழ்ந்துகொள்ளுதல், ஆசைகாட்டி வரவழைத்தல், உணவளித்தல் கூடா என்பன அந்நெறிகளுள் சில. எழுத்தில் உள்ளது களத்தில் எப்போதும் நிற்பதில்லை. 2024 திசம்பர் 31 அன்று மகாராட்டிரத்தின் உம்ரேட் சரணாலயத்தில் ஒரு பெண் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் சுற்றுலா வாகனங்கள் இருபுறமும் மறித்து நின்றன. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்நிகழ்வு வெளித்தெரிந்ததும் பயணிகள் எடுத்த காணொளியால்தான்.

பிற நாடுகளுள், பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே படம் எடுப்பதற்கு உரிமம் பெற வேண்டும் என்கிறது.

இட விவரங்களை வெளியிடல்

எண்ணிமப் படக் கோப்பில் படம் மட்டுமே இருப்பதில்லை. எடுத்த நாள், நேரம், வில்லை, திறப்பு அளவு ஆகியவற்றுடன், கருவியில் இட அறிதல் இயக்கத்தில் இருந்தால் அகலாங்கும் நெட்டாங்கும் கோப்பினுள்ளேயே பதியப்படுகின்றன. 1995 இல் யப்பானில் வகுக்கப்பட்ட எக்சிஃப் என்னும் சீர்தரத்தின் வழி இது நிகழ்கிறது. சமூக வலைத்தளங்கள் பலவும் பதிவேற்றும்போது இவ்விவரங்களை நீக்கிவிடுகின்றன. ஆனால் படத்தை ஆவணக் கோப்பாக அனுப்பினால் விவரம் அப்படியே சென்றுவிடும். கருவியில் இட அறிதலை அணைத்துவைப்பது எளிய தீர்வு. அதுவும் முழுத் தீர்வு அன்று. பின்னணியில் தெரியும் மலைமுகட்டைக் கொண்டே இடத்தைச் சொல்லக்கூடிய உள்ளூர்க்காரர்கள் உண்டு.

குடிமக்கள் அறிவியல் தளங்கள் இதற்கு வழி வகுத்துள்ளன. ஐநேச்சுரலிசுட்டு தளம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை ஏறத்தாழ 20 கி.மீ. பக்கமுள்ள கட்டத்தினுள் ஏதோ ஒரு புள்ளியாக மாற்றிக் காட்டுகிறது. ஈபேர்டு தளமும் இடருக்குள்ளான சில பறவைகளின் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது. மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுவது போதுமானது எனப் பல பறவை நோக்கர்கள் கருதுகின்றனர்.

போட்டிகளும் இதழ்களும்

விருதுகளே சில மீறல்களுக்குத் தூண்டுதல் என்ற குற்றச்சாட்டு உண்டு. இலண்டனில் வழங்கப்படும் ஆண்டின் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் விருதில், வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்துக்கு 2009 இல் அளிக்கப்பட்ட முதற்பரிசு, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் எனத் தெரியவந்ததால் 2010 சனவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2017 இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட உடல் எனக் கண்டறியப்பட்டு, 2018 இல் அதுவும் நீக்கப்பட்டது. பன்னாட்டு ஒளிப்பட அமைப்புகள் 2014 இல் ஏற்ற இயற்கை ஒளிப்பட வரையறை, உயிருள்ள இரையைக் காட்டி விலங்கை ஈர்த்து எடுத்த படங்களை ஏற்பதில்லை. கூட்டுப் படங்களை வெளியிடுவதில்லை என்ற நிலைப்பாட்டை 'இந்தியன் பேர்ட்சு' போன்ற இதழ்கள் எடுத்துள்ளன. படத்துக்கு வெளியிட இடம் இல்லையெனில் எடுப்பதற்கான ஆர்வமும் குறையும் என்பதால், சட்டத்தைவிட இது விரைவாகப் பயன் தரக்கூடும்.

கருத்து வேறுபாடுகள்

இந்நெறிமுறைகளை மிகவும் இறுக்கினால் காட்டுயிர் மீதான மக்களின் ஆர்வமே குன்றிவிடும் என்போர் உள்ளனர். அவர்களது வாதத்தில் வலு உண்டு. 2012 இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் அமுர் வல்லூறுகள் வலைகளில் பெருமளவில் பிடிக்கப்படுவதை 'கன்சர்வேசன் இந்தியா' அமைப்பினர் படமும் காணொளியும் எடுத்து வெளியிட்டனர். மறு ஆண்டே அங்கு வேட்டை நின்றது. அவ்வூர் மக்களே காவலர்களாயினர். மேற்கு வங்கத்தின் பாங்குராவில் தீப்பந்தம் வீசப்பட்ட யானைக்குட்டியைப் பிப்லாப் அசுரா எடுத்த படம் 2017 இல் 'சாங்சுவரி' இதழின் விருதைப் பெற்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. இத்தகைய படங்களை நல்ல வெளிச்சத்துக்கும் நேர்த்தியான சட்டகத்துக்கும் காத்திருந்து எடுக்க இயலாது.

மறைவிடங்களில் நீர்த்தொட்டி வைத்துப் பறவைகளை வரவழைத்துக் கட்டணத்துக்குப் படம் எடுக்க விடும் முறை பற்றியும் ஒத்த கருத்து இல்லை. அது கூட்டத்தைக் காட்டிலிருந்து விலக்கி ஓரிடத்தில் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர் உழவர்களுக்கு வருவாயும் தருகிறது. மறுபுறம், வைக்கப்படும் இரை, பறவைகள் நெருங்கிக் கூடுவதால் பரவும் நோய், கோடையில் தொட்டியையே நம்பிவிடும் பறவைகள் ஆகியவை பற்றிய ஐயங்கள் உள்ளன. நீர் மட்டும் வைப்பதையும், வளர்ப்புப் புழுக்களை இரையாக வைப்பதையும் ஒன்றாகக் கருத முடியாது.

ஆய்வுக்கான தானியங்கிக் கருவிகள் தனி வகை. புலிகளின் உடல் வரிகள் மனிதரின் கைரேகை போன்று ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அக்கருவிகளின் படங்களைக் கொண்டே ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலிகள் கணக்கிடப்படுகின்றன. மரத்தில் கட்டப்பட்ட அப்பெட்டிகளின் படங்களில் புலி பெரும்பாலும் பாதி உடலுடன், மங்கலாக, சட்டகத்தின் ஓரத்தில் கடந்து செல்கிறது.